மலைக்கடையின் வெளிச் சமையலறை: மழைக்கும் பனிக்கும் தாங்கும் அலமாரி எது?

மலையில் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களில் பலர் இன்று மளிகை விற்பனையோடு நிற்பதில்லை. கடைக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை, அதன் கீழே ஓர் அடுப்பு, டீ, போண்டா, மதியத்துக்கு அளவுச் சாப்பாடு என்று ஒரு பக்கத் தொழிலும் நடக்கிறது. கொல்லிமலையில் செம்மேடு, சோளக்காடு, அறப்பளீஸ்வரர் கோயில் வட்டாரம் என எங்கு போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். ஆகாயகங்கை அருவிக்கு வருகிறவர்களும், ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர்களும் பசியோடுதான் மலையேறுகிறார்கள். அவர்களுக்குச் சூடாகச் சமைத்துப் போடுவது நல்ல வியாபாரம். அதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்த வெளிச் சமையலறைக்கு வாங்கிப் போடும் அலமாரி, கப்போர்டு, மேடை ஆகியவற்றில்தான் நம்மவர்கள் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். நாமக்கல்லிலோ சேலத்திலோ வீட்டுச் சமையலறைக்கென்று செய்த கப்போர்டை விலை சல்லிசு என்று வாங்கி, வண்டி வாடகை கொடுத்து, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முதல் மழைக்காலத்தில் கதவு உப்புகிறது. இரண்டாம் மழைக்காலத்தில் கீல் துருப்பிடித்துக் கழன்று விழுகிறது. மூன்றாம் ஆண்டு அது அடுப்புக்கு விறகாகிறது. பிறகு மறுபடியும் அதே செலவு, அதே வாடகை, அதே ஆசாரி கூலி.

இந்த வீண்செலவைத் தவிர்ப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். மலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் சமவெளி ஹார்டுவேர், பிளைவுட், பாத்திர வியாபாரிகளுக்கும் இது பயன்படும்.

மழையை விடப் பனிமூட்டமே பகை

கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை பெய்தால் நனையும், வெயில் அடித்தால் காயும் என்று சமவெளியில் நினைப்பதுபோல் இங்கே நினைக்க முடியாது. மழை நின்ற பிறகும் பனிமூட்டம் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்து கொள்ளும். மழைக்குக் கூரை போட்டுத் தடுக்கலாம். பனிமூட்டத்துக்குக் கூரை ஒரு பொருட்டே அல்ல. காற்று போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

மற்றொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பகலில் அடுப்புச் சூட்டில் அலமாரியின் உள்ளே இருக்கும் காற்று சூடாகிறது. கொதிக்கும் உலையின் ஆவியும் அதில் சேர்கிறது. இரவில் குளிர் இறங்கும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம், குளிர்ந்த தகட்டின்மேல் வியர்வைபோல் படிகிறது. காலையில் கதவைத் திறந்தால் உள்பக்கம் நீர் கோத்திருக்கும். 'நன்றாக மூடித்தானே வைத்தேன்' என்று கடைக்காரர் வியப்பார். நன்றாக மூடி வைத்ததுதான் தவறு! காற்றோட்டமில்லாத அலமாரி மலையில் ஈரத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் பெட்டியாகிவிடும்.

இதனால் கெடுவது அலமாரி மட்டுமல்ல, சரக்கும்தான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்விடத் தொடங்கும். வெல்லம் கசியும். ஈரம் ஏறிய மிளகிலும் காப்பிக்கொட்டையிலும் பூஞ்சணம் பிடிக்கும். மிளகும் காப்பியும் விளையும் மலையிலேயே அவற்றைப் பூஞ்சணம் பிடிக்க விட்டுத் தள்ளுபடி விலைக்கு விற்பதைப் போன்ற நஷ்டம் வேறு உண்டா?

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'இதற்குள் தண்ணீர் போகுமா?' என்பது மட்டும் அல்ல. 'உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்கிறதா?' என்பதே முக்கியமான கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

முதலில் கூரையும் தரையும்

எந்தப் பொருளில் அலமாரி செய்தாலும் கூரையும் தரையும் சரியில்லாவிட்டால் பயனில்லை. கொட்டகையின் கூரை, மேடையின் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு, மூன்று அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். சாரல் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக்கு அலமாரியின் முதுகைக் காட்டுங்கள், கதவைக் காட்டாதீர்கள்.

அலமாரியின் அடிப்பாகம் தரையைத் தொடவே கூடாது. ஆறு அங்குல உயரத்துக்குச் செங்கல் பீடம் கட்டி அதன்மேல் வைக்கலாம். அல்லது பிளாஸ்டிக் குமிழ் மாட்டிய கால்கள் வைக்கலாம். தினமும் இரவில் தரையைக் கழுவித் தள்ளும் நீர்தான் மழையைவிட அதிகமான அலமாரிகளை அழிக்கிறது. சுவருக்கும் அலமாரியின் முதுகுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விடுவதும் அவசியம். அந்த இடைவெளியில் காற்று ஓடும். கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

மரம்: வைரம் பாய்ந்ததா?

மர அலமாரிக்கு நம் முன்னோர் தேக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அழகு மட்டுமல்ல. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது நீரையும் கரையானையும் அண்ட விடாது. கப்பல் கட்டுவதற்குத் தேக்கை நாடியதும் இதனால்தான். ஆனால் இளந்தேக்கின் வெளிர்நிற வெளிப்பகுதிக்கு இந்தக் குணம் கிடையாது. 'தேக்கு' என்ற பெயரில் அந்த வெளுத்த பலகையை வாங்கினால் தேக்கு விலை கொடுத்துச் சாதாரண மரம் வாங்கியதாகவே முடியும். பலகையின் நிறத்தைப் பார்த்து, வெளிர்ப்பகுதி எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

கொல்லிமலையில் பலாவுக்குக் குறைவில்லை. வைரம் பாய்ந்த பலாப்பலகை நல்ல உறுதியானது. கரையானை எதிர்த்து நிற்கக் கூடியது. தஞ்சாவூர் வீணை செய்வதே பலா மரத்தில்தான். பழைய வீட்டிலிருந்து கழற்றிய பலாப் பலகையோ தேக்குக் கதவோ கிடைத்தால் விடாதீர்கள். பல ஆண்டுகள் காய்ந்த மரம் இனிமேல் கோணாது. புதிதாக மரம் வெட்டி வேலை செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தமிழகத்தில் மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சொந்த நிலத்து மரமானாலும் வனத்துறையிடம் விசாரித்து, எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகே கோடாரியைத் தொட வேண்டும்.

மிளகுக்கொடி படர்வதற்காக மலையெங்கும் சில்வர் ஓக் வளர்க்கிறார்கள். அது மலிவாகக் கிடைக்கிறது என்று வெளி அலமாரிக்குப் பயன்படுத்த வேண்டாம். பெட்டி அடிப்பதற்கும் பிளைவுட்டுக்கும் ஏற்ற மரம் அது. ஈரமும் கரையானும் சேர்ந்த இடத்தில் நீண்ட நாள் தாங்காது.

எந்த மரமானாலும் நீர் முதலில் உறிஞ்சப்படுவது அறுத்த முனைகளில்தான். ஆசாரிகள் முகப்புக்குப் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு, கதவின் அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் விட்டுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பில்தான் மரம் மக்கத் தொடங்கும். கதவை மாட்டுவதற்கு முன்பே நான்கு விளிம்புகளுக்கும் இரண்டு கை வண்ணம் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.

பிளைவுட்: எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

'வாட்டர் புரூப்' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பலகையில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும்தான் பேச வேண்டும். கடைக்காரர் வாய் அல்ல.

எம்.ஆர். என்று போட்டிருந்தால் அது வீட்டுக்குள்ளே லேசான ஈரத்தைத் தாங்குவது. வெளிச் சமையலறைக்கு ஆகாது. பி.டபிள்யூ.ஆர். என்பது அதைவிட மேலான தரம். கொதிநீரில் இட்டுச் சோதிப்பது. ஐ.எஸ்.710 என்ற எண் உள்ளதே மெரைன் பிளைவுட். அதன் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பசை விடுகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. மலையில் வெளி வேலைக்குப் பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ்.710க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அது உண்மையான எண்தானா என்பதை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் தட்டிப் பார்த்துக் கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை அறுத்து வாங்கி உங்கள் டீக்கடைப் பாய்லரிலேயே ஒருநாள் முழுக்கக் கொதிக்க விடுங்கள். போலிச் சரக்கு ஏடு ஏடாகப் பிரிந்து தன் சாயத்தைக் காட்டிவிடும்.

மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டையும் வெளிச் சமையலறைப் பக்கமே கொண்டுவர வேண்டாம். மேலே எவ்வளவு அழகாக மைக்கா ஒட்டியிருந்தாலும், திருகு போட்ட ஓட்டை வழியாக ஈரம் ஏறினால் ரொட்டிபோல் உப்பிவிடும். உப்பியது மறுபடி அமுங்காது.

எவர்சில்வர்: காந்தத்தை நம்பலாமா?

இந்த விஷயத்தில் நம் பகுதி வணிகர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கொல்லிமலையின் அடிவாரத்திலிருந்து அதிக தூரமில்லாத சேலத்தில் 1981ஆம் ஆண்டு முதல் எவர்சில்வர் தகடு உருட்டும் உருக்காலை இயங்கி வருகிறது. தகடு வாங்கவும், அதில் வேலை செய்யத் தெரிந்த பட்டறைகளைத் தேடவும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஆனால் எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 முதலிய 200 வரிசை ரகங்களில், விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் 202 பழுப்புப் புள்ளிகள் விடும். கடலோரக் கடைகளுக்கு 316 என்ற இன்னும் உயர்ந்த ரகம் தேவைப்படலாம். உப்புக்காற்று இல்லாத கொல்லிமலைக்கு 304 போதும். தேவையில்லாமல் 316க்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

'காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அசல் 304' என்று சொல்வது பரவலான வழக்கம். இது தவறு. 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது. காந்தம் பலமாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத 430 போன்ற ரகம் என்று தெரிந்து கொள்ளலாம், அவ்வளவுதான். 202ஐயும் 304ஐயும் பிரித்துக் காட்ட, நிறம் மாறுவதைக் கொண்டு சோதிக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. தகட்டின் மேல் ஒட்டிய உறையில் ரகம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் '304' என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்கத் தயங்குங்கள்.

கனத்திலும் ஏமாறக் கூடாது. எட்டுக்கு நாலு அடி 304 தகடு 1 மி.மீ. கனமானால் சுமார் 24 கிலோ இருக்கும்; 1.2 மி.மீ. ஆனால் சுமார் 28 கிலோ. தராசு நம் கடையிலேயே இருக்கிறது. தூக்கி வைத்துப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். பாத்திரம் வைக்கும் மேடைக்கு 1.2 மி.மீ., கதவுக்கு 1 மி.மீ. என்று கொண்டால் நெளியாமல் இருக்கும்.

எவர்சில்வரின் மேல் உப்பு மூட்டையை வைக்காதீர்கள். உப்பைப் பீங்கான் ஜாடியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோதான் வைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர், கக்கூஸ் கழுவும் ஆசிட் இரண்டும் எவர்சில்வருக்கு எமன். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் தங்கித் துருப்பிடித்து, தகடே துருப்பிடித்ததுபோல் காட்டும். தேங்காய் நாரும் சோப்பும் போதும்.

இரும்பும் நாகத்தகடும்

சாதாரண இரும்பில் செய்த அலமாரிதான் வேண்டும் என்றால் நாகப்பூச்சு ஏற்றிய ஜி.ஐ. தகட்டில் செய்து, அதன்மேல் பவுடர் கோட்டிங் கொடுங்கள். கீறல் விழுந்தாலும் நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும். அங்கே நாகம் கலந்த பிரைமர் அடித்த பிறகே வண்ணம் அடிக்க வேண்டும். லாரிக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். மழையிலும் வெயிலிலும் நிற்கப் போகும் தகட்டு வேலை எப்படி இருக்க வேண்டும் என்பது பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கு அத்துபடி. நாற்காலி, பீரோ செய்யும் இடத்தைவிட அந்தப் பட்டறை வெல்டரிடம் வேலை கொடுப்பது நல்லது. புளிக்கரைசல், ஊறுகாய், மோர் போன்ற புளிப்புப் பொருட்களை நாகத்தகட்டின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது.

அலுமினியம்: மலைக்கு உறவான உலோகம்

அலுமினியத்துக்கும் கொல்லிமலைக்கும் பழைய உறவு உண்டு. மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் கல் வெட்டி எடுத்துச் சென்றார்கள். 2008ஆம் ஆண்டில் அந்த ஆலையின் உருக்கு வேலை நின்றுபோனது. இன்று மலைக்கு வரும் அலுமினியச் சட்டங்கள் வேறு ஊர்களிலிருந்து வருபவை.

அலுமினியம் கனமில்லாதது. 1 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நாலு தகடு எட்டே கிலோதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி வருவதற்கு இதைவிட வசதியான உலோகம் இல்லை. துருவும் பிடிக்காது. இருந்தாலும் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று காரம்: சுண்ணாம்பு, ஈரச் சிமெண்ட், வாஷிங் சோடா, அடுப்புச் சாம்பல். பச்சைச் சிமெண்டில் அலுமினியச் சட்டத்தைப் பதித்தால் அரித்துவிடும். தார் வண்ணம் பூசிப் பதிக்க வேண்டும். மற்றொன்று வேற்று உலோகம். சாதாரண இரும்புத் திருகை அலுமினியத்தில் ஏற்றினால், ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து கெடும். எவர்சில்வர் திருகு போட்டு, நடுவில் நைலான் வளையம் வைக்கச் சொல்லுங்கள்.

ஏ.சி.பி. என்று சொல்லும் பலகையைப் பலர் அலுமினியம் என்றே நினைக்கிறார்கள். அது மேலும் கீழும் மெல்லிய அலுமினியத் தாள், நடுவே பெரும்பாலும் பாலித்தீன். பெயர்ப்பலகைக்குச் சரி; அடுப்படிக்குச் சரியல்ல. தீப்பிடித்தால் எரியும்.

பி.வி.சி.யும் டபிள்யூ.பி.சி.யும்

நீருக்கு இவை அஞ்சுவதில்லை. கரையானும் தொடாது. ஆனால் பி.வி.சி. சுமார் 80 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். கொதிக்கும் உலையின் சூடு 100 டிகிரி என்பதை நினைவில் வையுங்கள். அடுப்புக்கு அருகில் வைத்த பி.வி.சி. கதவு கோணிப்போவதற்கு இதுவே காரணம். அடுப்பிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி, தட்டு, டம்ளர், டப்பா வைக்கும் பகுதிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். திருகுப் பிடிப்பு மரத்தைவிடக் குறைவு என்பதால் கனமான கதவாகச் செய்யாமல் சிறு சிறு கதவுகளாகச் செய்வது நல்லது.

கல்லும் செங்கல்லும்: நம் பாட்டன் காட்டிய வழி

இத்தனையும் சொன்ன பிறகு, நாம் முதலிடம் தருவது எதற்கு என்று கேட்டால், பழைய வழிக்குத்தான். செங்கல்லில் தடுப்புச்சுவர் கட்டி, அதில் கடப்பைக்கல் பலகைகளைத் தட்டுகளாகச் செருகி, மேலே கிரானைட் மேடை போடுவது. தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நின்று பழகிய முறை இது. கல் உப்பாது, மக்காது, துருப்பிடிக்காது. தீயும் கரையானும் அதை ஒன்றும் செய்யா. எலி துளைக்க முடியாது.

கடப்பைக்கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. எலுமிச்சம்பழச் சாறும் புளியும் பட்டால் பளபளப்பு போகும். ஆகவே அதை உள்ளே தட்டுகளுக்கு வைத்துக்கொண்டு, காய் நறுக்கும் மேடைக்குக் கிரானைட் போடுங்கள். 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. ஆறடி நீளம் இரண்டடி அகலத் துண்டு 60 கிலோ வரும். இருவர் தூக்கி விடலாம். பத்தடிக் கல்லை ஒரே துண்டாகக் கொண்டுவந்து வளைவில் உடைத்துக் கொள்வதைவிட, இரண்டு துண்டாக வாங்கி ஒட்டுவதே புத்திசாலித்தனம். மேடையின் முன்விளிம்பை அலமாரியைவிட ஓர் அங்குலம் வெளியே நீட்டி, அடியில் மெல்லிய காடி வெட்டச் சொல்லுங்கள். நீர் கதவின் மேல் வழியாமல் கீழே சொட்டிவிடும்.

கதவு மட்டும் அலுமினியச் சட்டமோ, பி.வி.சி.யோ, பலாப்பலகையோ, உங்கள் வசதிப்படி இருக்கட்டும். உடம்பு கல், கதவு மாற்றத்தக்கது. இதுவே மலைக்கு ஏற்ற சூத்திரம். பத்தாண்டு கழித்துக் கதவு போனாலும் கதவை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு கதவின் மேலும் கீழும் கையளவு திறப்பு வைத்து, எலி நுழையாதபடி எவர்சில்வர் வலை அடியுங்கள். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும், ஈரம் தங்காது.

வாடகை இடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது என்பது உண்மைதான். இடத்தைக் காலி செய்யும்போது செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அவர்கள் போல்ட் போட்டுப் பிரித்துக் கட்டக்கூடிய எவர்சில்வர் அல்லது அலுமினியச் சட்ட அலமாரியைச் செய்து கொள்ளலாம்.

கீலில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆயிரக்கணக்கில் செலவு செய்து அலமாரி செய்துவிட்டுக் கீலிலும் திருகிலும் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கிறோம். வீட்டுக் கப்போர்டுகளில் உள்ளே மறைந்திருக்கும் ஸ்பிரிங் கீல் மலை ஈரத்தில் சீக்கிரம் இறுகிவிடும். சாதாரணப் பட்டைக் கீலே போதும். ஆனால் எவர்சில்வரில் அல்லது பித்தளையில் இருக்க வேண்டும். சக்கரம் வைத்து இழுக்கும் டிராயர்களை முடிந்தவரை தவிர்த்து, திறந்த தட்டுகளாக வையுங்கள். மலையில் குரங்குத் தொல்லையும் உண்டு. காந்தப் பிடிப்பை அது ஒரே இழுப்பில் திறந்துவிடும். திருப்பிப் போடும் கொண்டியும் தாழ்ப்பாளும் அவசியம்.

சிலிண்டரை அடைத்து வைக்காதீர்கள்

இது பணக் கணக்கல்ல, உயிர்க் கணக்கு. சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரை மேடைக்கு அடியில் வைத்துக் கதவை அடைத்தால், கசிவு அந்தப் பெட்டிக்குள்ளேயே நிறைந்து நிற்கும். ஒரு தீப்பொறி போதும்.

சிலிண்டர் வைக்கும் அறைக்குத் தரைமட்டத்தில் பெரிய திறப்புகள் இருக்க வேண்டும். வலைக்கதவே போடுவது இன்னும் நல்லது. பக்கத்தில் பள்ளமோ சாக்கடைக் குழியோ இருக்கக் கூடாது. அதே அறைக்குள் சுவிட்ச், பிளக் எதுவும் வேண்டாம். கடையில் பயன்படுத்த வேண்டியது 19 கிலோ வணிகச் சிலிண்டர். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறோம்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் விதிகளும் இதே திசையில்தான் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டு உரிம விதிகளின் நான்காவது அட்டவணை, உணவு படும் பரப்புகள் வழவழப்பாகவும், எளிதில் கழுவத்தக்கதாகவும், துருப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. உப்பிப்போன பலகையும் துருப்பிடித்த தகடும் அதிகாரி கண்ணில் படுவதற்கு முன்பே வாடிக்கையாளர் கண்ணில் பட்டுவிடும்.

ஆண்டுக் கணக்குப் போடுங்கள்

விலையைக் கேட்டதும் மலைக்காமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் தொகைகளே. சந்தை விலை அல்ல.

ஒருவர் 12,000 ரூபாய்க்கு மலிவான அலமாரி வாங்குகிறார். ஏற்றுக்கூலியும் மாட்டுக்கூலியும் 3,000. மொத்தம் 15,000. மூன்றாண்டு தாங்குகிறது. ஆண்டுக்கு 5,000 ரூபாய். மற்றொருவர் செங்கல், கடப்பைக்கல், கிரானைட், அலுமினியக் கதவு என்று 40,000 ரூபாய் செலவிடுகிறார். நடுவில் ஒருமுறை கதவு மாற்ற 8,000. மொத்தம் 48,000. பதினாறு ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். முதலாமவர் அதே பதினாறு ஆண்டில் ஐந்து தடவைக்கு மேல் மலையேற்றிக் கொண்டுவந்து மாட்டியிருப்பார். அந்த நாட்களில் கடை மூடிய நஷ்டமும், ஈரத்தில் கெட்ட சரக்கும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

கையில் 40,000 இல்லையே என்றால் கடன் வாங்க வேண்டாம். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பது பழமொழி. இந்த ஆண்டு நாலடி மேடை கட்டுங்கள். அடுத்த ஆண்டு லாபத்தில் இன்னொரு நாலடி சேருங்கள். நல்ல பொருளில் பாதி அளவு கட்டுவது, மட்டமான பொருளில் முழு அளவு வாங்குவதைவிட மேல்.

விற்பவர்க்கும் ஒரு சொல்

சமவெளியில் ஹார்டுவேர், பிளைவுட், எவர்சில்வர் வியாபாரம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்க வருகிறவர் மலைக்கடைக்காரர் என்றால், 'எங்கே வைக்கப் போகிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 202ஐயும் 304ஐயும் தனித்தனியே அடுக்கி, பில்லில் ரகத்தை எழுதிக் கொடுங்கள். எம்.ஆர். பலகையை வெளி வேலைக்குக் கேட்டால் 'இது ஆகாது' என்று சொல்லுங்கள். அன்றைய விற்பனை ஒன்று குறையலாம். ஆனால் 70 வளைவு இறங்கி வந்து உங்கள் கடையையே தேடும் வாடிக்கையாளர் ஒருவர் கிடைப்பார். அவர் சொல்லி இன்னும் நாலு பேர் வருவார்கள்.

வாங்குவோர், ஆடிக் கூட்டத்துக்கு முன்பே வேலை முடிய வேண்டும் என்றால் கோடையிலேயே தொடங்க வேண்டும். சிமெண்ட் வேலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் கதவு மாட்ட வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கொரு முறை கீலுக்கு எண்ணெய், விளிம்புக்கு வண்ணம், வலைக்குச் சுத்தம் என்று அரைநாள் ஒதுக்குங்கள். தராசையும் கல்லாப்பெட்டியையும் கவனிக்கும் அதே கண்ணால் அலமாரியையும் கவனித்தால், அது நம் சரக்கைக் காக்கும். சரக்கு நம்மைக் காக்கும்.